இருட்டில் மறையும் கணக்கு: நுவார் பாணியும் கேங்ஸ்டர் படமும்

கூட்டமாகச் சேர்ந்து குற்றத்தைத் தொழிலாக நடத்துவோரைப் பற்றிய கேங்ஸ்டர் படம், 1940களில் நுவார் பாணியைத் தழுவிய பிறகே பக்குவமடைந்தது என்பது திரைப்பட விமர்சனத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் கருத்து. 1930களின் தொடக்கத்தில் ஹாலிவுட் எடுத்த கேங்ஸ்டர் படங்கள், ஏழைச் சிறுவன் ஒருவன் துப்பாக்கி ஏந்திப் பணம் சேர்த்து இறுதியில் சுடப்பட்டுச் சாகும் எளிய நீதிக்கதைகள் என்றும், அவற்றுக்கு உள்மனத்தையும் அறச்சிக்கலையும் அளித்தது நுவாரின் இருள் என்றும் இக்கருத்துடையோர் கூறுவர். படத்தின் பெரும்பகுதி அரையிருளில் எடுக்கப்பட்டிருந்தால் அது ஆழமான படம் என்று எழுதிவிடுவது இன்று ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நுவார் பாணியின் கவர்ச்சி உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேங்ஸ்டர் படம் எதைக் காட்டுவதற்காகத் தோன்றியதோ அதையே அந்தப் பாணி பெரும்பாலும் மறைத்துவிட்டது என்பதும், இவ்விழப்பை முதிர்ச்சி என்று கொண்டாடுவது பெரும் பிழை என்பதும் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போருக்கு விளங்கும்.

நுவார் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்பு என்று பொருள். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது பிரான்சுக்கு வரமுடியாமலிருந்த அமெரிக்கப் படங்கள் போருக்குப் பின் ஒரே சமயத்தில் பாரிஸில் திரையிடப்பட்டபோது, அவற்றுள் சிலவற்றில் ஒரு புதிய கருமை படிந்திருப்பதைக் கண்ட விமர்சகர் நீனோ ஃபிராங்க் 1946இல் அவற்றுக்கு இப்பெயரைச் சூட்டினார். அவர் கருத்தில் கொண்டவை ‘தி மால்ட்டீஸ் ஃபால்கன்’ (1941), ‘டபுள் இன்டெம்னிட்டி’, ‘லாரா’, ‘மர்டர், மை ஸ்வீட்’ (மூன்றும் 1944) ஆகியவை. இந்த நான்கில் ஒன்றுகூடக் கேங்ஸ்டர் படம் இல்லை என்பது போதிய அளவு கவனிக்கப்படாத செய்தி. கணவனின் காப்பீட்டுத் தொகைக்காக அவனைக் கொல்லும் மனைவியும் அவளுக்குத் துணைபோகும் காப்பீட்டு முகவரும், ஒரு பழம்பொருள் சிலைக்காக ஒருவரை ஒருவர் ஏமாற்றும் சிலர், பொறாமையால் கொலைக்குத் துணியும் பத்திரிகை எழுத்தாளர் என்று இப்படங்களின் குற்றவாளிகள் யாவரும் தனியாட்கள். இவர்களுள் எவரும் சாராயம் காய்ச்சி ஊர் முழுதும் விற்பதில்லை; கடைவீதியில் மாமூல் வசூலிப்பதில்லை.

இப்படங்களின் ஒளியமைப்பும் அத்தகைய தனிக்குற்றத்துக்கே பொருந்துவது. நடிகரின் முகத்தில் விழும் முதன்மை ஒளியைக் ‘கீ லைட்’ என்றும், அது உண்டாக்கும் நிழலை மென்மையாக்கும் துணை ஒளியை ‘ஃபில் லைட்’ என்றும் ஒளிப்பதிவாளர்கள் அழைப்பார்கள். துணை ஒளியை வெகுவாகக் குறைத்தோ முழுதும் நீக்கியோ விட்டால் நிழல் கன்னங்கரேலென்று விழுந்து, முகத்தில் பாதியும் அறையில் முக்காலும் இருட்டில் மூழ்கும். இதுவே ‘லோ கீ’ ஒளியமைப்பு. மனத்துக்குள் ஒன்றை ஒளித்து வைத்திருக்கும் மனிதனைக் காட்ட இதைவிடச் சிறந்த வழி இல்லை. காப்பீட்டு முகவரின் மேல் சன்னல் திரையின் கோடுகள் சிறைக்கம்பிகள்போல் விழும்போது, அவன் யாரிடமும் சொல்லமுடியாத அச்சத்தைப் பார்வையாளர் ஒரு நொடியில் உணர்ந்துகொள்கிறார். தொழிலாக நடக்கும் குற்றம் இவ்வகையான இரகசியம் அன்று. எந்தத் தெருவில் யார் வசூலிக்கிறார், எந்த நாளில் வருகிறார், அதில் காவல் நிலையத்துக்கு எவ்வளவு, நகரமன்ற உறுப்பினருக்கு எவ்வளவு என்பது அந்தத் தெருவின் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். எல்லோரும் அறிந்திருந்தும் எவரும் பேசாதிருப்பதற்கு அச்சமும் பங்குமே காரணம். பட்டப்பகலில் நடக்கும் இந்த உடன்பாட்டை இருட்டில் வைத்துக் காட்டும்போது, அது யாருக்கும் தெரியாமல் நடந்த சதியாக உருமாறிவிடுகிறது.

எளியவை என்று ஒதுக்கப்படும் 1930களின் படங்கள் இந்த உடன்பாட்டை அறிந்திருந்தன. வில்லியம் வெல்மன் இயக்கிய ‘தி பப்ளிக் எனிமி’ (1931) தன் கதையை 1909, 1915, 1917, 1920 என்று ஆண்டுகளைத் திரையில் எழுதிக்காட்டி நகர்த்துகிறது. மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வரும் இரவில் கடைகள் இருப்பை விற்றுத் தீர்க்க, மக்கள் குழந்தை வண்டியிலும் புட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவதை அது காட்டுகிறது. பிறகு, மூடிக்கிடக்கும் மதுவாலையின் கண்ணியமான முதலாளி ஒருவர் ரவுடிகளோடு கூட்டுச் சேர்வதும், கூட்டத்தார் மதுக்கடைகளுக்குச் சென்று தங்கள் பீரைத்தான் வாங்கவேண்டும் என்று மிரட்டுவதும் வருகின்றன. தேவை எங்கிருந்து வந்தது, முதல் போட்டவர் யார், விற்பனை எப்படி நடந்தது என்பதெல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படத்துக்குள் அடங்கியிருக்கின்றன. நிழலைக் கையாளத் தெரியாத காலம் அது என்று சொல்வதற்கும் இடமில்லை. ஹோவர்ட் ஹாக்ஸின் ‘ஸ்கார்ஃபேஸ்’ (1932) தன் முதல் கொலையைச் சீழ்க்கையடித்துக்கொண்டு வரும் ஒரு நிழலுருவத்தால் நிகழ்த்துகிறது. சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுடப்படுவோரையும் அது நிழல்களாகவே காட்டுகிறது. ஆனால் பீர் விற்பனையின் ஏற்பாடுகள் பேசப்படும் இடங்களில் விளக்கு நன்றாக எரிகிறது. கொலைக்கு நிழல், வாணிகத்துக்கு வெளிச்சம் என்ற அந்தப் பகுத்தறிவு பின்வந்த பலருக்கு வாய்க்கவில்லை.

அறச்சிக்கலும் நுவார் கொண்டுவந்த புதுச்சரக்கு அன்று. ராபர்ட் வார்ஷோ 1948இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கேங்ஸ்டரை ஓர் அவலநாயகனாகக் கண்டார். எல்லோரும் வெற்றிபெற வேண்டும் என்று வற்புறுத்தும் ஒரு சமூகத்தில், வெற்றி என்பதே ஒருவனைத் தனிமைப்படுத்தி அழிக்கிறது என்பதை அவனது வீழ்ச்சி உணர்த்துகிறது என்பது வார்ஷோவின் வாதம். அவர் அந்த அவலத்தைக் கண்டெடுத்தது ‘லிட்டில் சீசர்’, ‘ஸ்கார்ஃபேஸ்’ போன்ற முந்தைய படங்களிலிருந்துதான்.

இடையில் நேர்ந்தது தணிக்கை. 1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் ஜோசஃப் பிரீனின் அலுவலகத்தால் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு நெறிமுறை, குற்றம் செய்யும் முறைகளை விளக்கமாகக் காட்டக்கூடாது என்றது. 1931இல் கேங்ஸ்டராகச் சுட்டுக்கொண்டிருந்த ஜேம்ஸ் காக்னி 1935இல் ‘ஜி மென்’ படத்தில் அரசு முகவராகச் சுடத் தொடங்கினார். குற்றத்தின் செய்முறையையும் அதற்கு உடந்தையாகும் பெரியோரையும் வெளிச்சத்தில் காட்ட முடியாத நிலையில், நிழல் வெறும் அழகாக மட்டும் இருக்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லாமல் சொல்வதற்கான வழியாகவும் இருந்தது. இதை ஒரு கலைஞனின் சாமர்த்தியம் என்று பாராட்டலாம். கட்டாயத்தால் வந்த சுருக்கத்தை முதிர்ச்சியின் அடையாளமாக்குவதைத்தான் ஏற்க இயலாது.

நுவாரின் கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவோரால் அதன் குறையையும் சரியாக அளக்க முடியாது. போர்க்காலத்தில், 1942இல், ஒரு படத்தின் அரங்கத்துக்குப் புதிதாக வாங்கும் பொருள்களின் செலவு 5,000 டாலரைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க அரசு வரம்பு விதித்தது. அரங்கத்தின் ஏழ்மையை இருள் மூடியது. மூடியதோடு நில்லாமல், இல்லாத அறைகளையும் தெருக்களையும் பார்வையாளரின் கற்பனையில் கட்டியெழுப்பியது. ஹங்கேரியில் பிறந்த ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்ட்டன் இக்கலையின் பேராசான். ஆன்டனி மான் இயக்கிய ‘டி-மென்’ (1947) படத்தில் நீராவிக் குளியலறைக்குள் ஒருவனைப் பூட்டிக் கொல்லும் காட்சியில், வெண்ணிற ஆவியே இருளின் வேலையைச் செய்கிறது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு முகம் மெல்ல மெல்லக் கரைவதைக் காண்பவர் தம் மூச்சும் திணறுவதாக உணர்கிறார். ஒற்றை விளக்கால் ஓர் உலகை உண்டாக்கிய இந்தச் சிக்கனமும் துணிவும் எந்தக் காலத்துக்கும் ஒளிப்பதிவு மாணவர்களுக்குப் பாடமாக இருக்கத் தக்கவை.

அதே ஆல்ட்டனின் உச்சப் படைப்பாகிய ‘தி பிக் காம்போ’ (1955) இப்பாணியின் குறையையும் உச்சத்தில் காட்டுகிறது. ஜோசஃப் லூயிஸ் இயக்கிய இப்படத்தில் பிரவுன் என்ற கூட்டத்தலைவனை டயமண்ட் என்ற காவல் அதிகாரி துரத்துகிறார். காதுகேட்கும் கருவி பொருத்திய ஒருவனைக் கொல்லுமுன் பிரவுன் அக்கருவியைக் கழற்றிவிட, துப்பாக்கிகள் ஓசையின்றி நெருப்பைக் கக்குகின்றன. இறுதியில் விமானக் கொட்டகையின் மூடுபனிக்குள் ஓர் ஆணும் பெண்ணும் கறுத்த வெட்டுருவங்களாக நடந்து செல்கிறார்கள். உலக சினிமாவின் மறக்கமுடியாத படிமங்களுள் இவை இரண்டும் அடங்கும். ஆனால் பிரவுனின் நிறுவனம் என்ன தொழில் செய்கிறது, யாரிடமிருந்து பணம் வருகிறது, எந்த நீதிபதி, எந்த அதிகாரி அதில் பங்கு பெறுகிறார் என்று கேட்டால் படம் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. அதிகாரிக்கும் தலைவனுக்கும் இடையே உள்ளது ஒரு பெண்ணைப் பற்றிய போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. வேறெந்தக் கதையிலும் இருக்கக்கூடிய ஒரு கொடியவன் இங்கே கேங்ஸ்டர் என்ற பெயரோடு உலவுகிறான்.

இப்படம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1951 மார்ச்சில், அமெரிக்க மக்கள் ஒரு கேங்ஸ்டரைத் தொலைக்காட்சியில் கண்டிருந்தார்கள். செனட்டர் எஸ்டஸ் கீஃபாவர் தலைமையிலான விசாரணைக் குழுவின் முன் ஃபிராங்க் காஸ்டெல்லோ தோன்றியபோது, தன் முகத்தைக் காட்டக்கூடாது என்று அவர் மறுத்ததால், ஒளிபரப்புக் கருவிகள் அவருடைய கைகளை மட்டுமே காட்டின. பளிச்சென்ற விளக்கொளியில் பிசைந்துகொண்டிருந்த அக்கைகளோடு, சூதாட்ட வருமானத்தையும் அரசியல்வாதிகளின் தொடர்பையும் பற்றிய கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக மக்களின் காதில் விழுந்தன. நுவார் மரபில் எடுக்கப்பட்ட எந்த முகத்தையும்விட அக்கைகள் கூடுதலாக உணர்த்தின. அவை எந்தக் கணக்குக்குப் பதில் சொல்லத் தடுமாறுகின்றன என்பது பார்ப்போருக்குத் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம்.

ராபர்ட் சியோட்மாக்கின் ‘தி கில்லர்ஸ்’ (1946) இன்னொரு வகையில் படிப்பினை தருகிறது. ஒரு தொப்பி ஆலையின் சம்பளப் பணம் கொள்ளையடிக்கப்படுவதை, உயரத்தில் நகரும் கேமராவால், வெட்டாமல் ஒரே காட்சித்துண்டாக, பகல் வெளிச்சத்தில் சியோட்மாக் எடுத்தார். யார் எவ்வழியாக நுழைந்தார், எப்படி வெளியேறினார் என்று துல்லியமாகத் தெரியும் அந்தச் சில நிமிடங்கள் படத்தின் மிக உயிருள்ள பகுதி. மற்ற பகுதிகளில் குற்றம் ஊழாக மாறிவிடுகிறது. தன்னைக் கொல்ல வருவோரைக் கட்டிலில் படுத்தபடி எதிர்பார்த்திருக்கும் முன்னாள் குத்துச்சண்டை வீரனின் அழிவுக்கு ஒரு பெண்ணின் மயக்கும் அழகே வேர் என்று படம் முடிவு கட்டுகிறது. ஆண்கள் நடத்தும் ஒரு தொழிலின் பழியை ஒரு பெண்ணின் மேல் ஏற்றிய இம்மரபு, கேங்ஸ்டர் படத்துக்கு நுவார் அளித்த கொடைகளுள் மிக இழிவானது.

இந்த இடத்தில் மாற்றுத்தரப்பினர் தம் வலுவான சான்றை முன்வைப்பார்கள். ஆப்ரகாம் பொலான்ஸ்கி போன்ற இடதுசாரிகளின் கையில் நுவார் பாணி முதலாளியத்தையே குற்றக்கூண்டில் ஏற்றியது என்றும், எனவே அது சமூகத்தை மறைத்தது என்பது பொருந்தாது என்றும் அவர்கள் வாதிடுவார்கள். பொலான்ஸ்கியின் ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ (1948) ஒரு மகத்தான படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் மகத்துவம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். படம் இருண்ட சந்தில் தொடங்கவில்லை. வால் ஸ்ட்ரீட்டின் பகல் கூட்டத்தை உயரத்திலிருந்து காட்டித் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் மூன்று நம்பர் லாட்டரி என்று வழங்குவதை ஒத்த ஓர் எண் சூதாட்டமே கதையின் களம். அமெரிக்க விடுதலை நாளாகிய ஜூலை 4 அன்று, 1776ஆம் ஆண்டின் நினைவாக ஏழை மக்கள் பெருந்திரளாக 776 என்ற எண்ணில் பணம் கட்டுவார்கள். அன்றைக்கு அதே எண் விழும்படி செய்துவிட்டால், சிறு சூதாட்ட நிலையங்கள் எல்லோருக்கும் பரிசுப்பணம் கொடுக்கமுடியாமல் நொடித்துப்போகும். அவற்றைப் பெரிய கும்பலின் தலைவன் டக்கர் கைப்பற்றிக்கொள்ளலாம். இத்திட்டத்துக்குச் சட்டவழி வகுப்பவன் ஜோ மோர்ஸ் என்ற வழக்கறிஞன். நொடிக்கப்போகும் நிலையங்களில் ஒன்றை நடத்துபவர் அவனுடைய அண்ணன் லியோ. ஒரு சிறு நிறுவனத்தைப் பெரு நிறுவனம் விழுங்கும் வழி இங்கே பள்ளிக் கணக்குபோல் தெளிவாக விளக்கப்படுகிறது. லியோவிடம் வேலை பார்க்கும் கணக்கர் ஒருவர் பயந்து நடுங்குவதும், அந்தப் பயமே பிறகு காட்டிக்கொடுப்பதாக முடிவதும், சம்பளத்துக்காக இத்தொழிலில் இருக்கும் சாதாரண மனிதர்களையும் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. முடிவில் ஜோ தன் அண்ணனின் உடலைத் தேடி, ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் அடியில் ஆற்றங்கரைப் பாறைகளை நோக்கி விடியற்காலை வெளிச்சத்தில் இறங்கிச் செல்கிறான். படத்தின் சமூக விமர்சனம் அந்தக் கணக்கில் இருக்கிறது. நிழல்களை எடுத்துவிட்டாலும் அது சிதையாது, கணக்கை எடுத்துவிட்டால் நிழல்களால் அதை ஈடுகட்ட முடியாது. பொலான்ஸ்கி 1951க்குப் பிறகு கருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டு நெடுங்காலம் படம் இயக்க முடியாதவராக ஆக்கப்பட்டார் என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும்.

நிழல் மரபின் பிறப்பிடமாகிய ஜெர்மன் சினிமாவிலிருந்தே வந்த ஃபிரிட்ஸ் லாங்கும், விமர்சனத்தை நிழலால் மட்டும் தாங்க முடியாது என்பதை உணர்ந்திருந்தார். அவருடைய ‘தி பிக் ஹீட்’ (1953) படத்தில் நகரையே ஆட்டிவைக்கும் லகானாவின் மாளிகை விளக்குகள் ஒளிர, அவன் மகளின் விருந்து நடைபெற, மதிப்புக்குரிய பெரிய மனிதரின் வீடாகவே தோன்றுகிறது. கதை முழுவதும் சுழல்வது, இறந்துபோன காவலர் எழுதிவைத்த ஒரு வாக்குமூலக் கடிதத்தைச் சுற்றி.

பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் ‘தி காட்ஃபாதர்’ (1972) வந்தபின் இருளுக்கு ஒரு புதிய மதிப்புக் கிடைத்தது. கார்டன் வில்லிஸ் விளக்குகளைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, மார்லன் பிராண்டோவின் கண்கள் குழிந்த நிழலுக்குள் போகும்படி படம்பிடித்தார். தொடக்கப் பகுதியில் இது மிகப் பொருத்தமானது. வெளியே வெயிலில் திருமணக் கூட்டம், உள்ளே இருண்ட அறையில் உதவி கேட்டு வருவோர் என்று இரண்டும் அடுத்தடுத்து வருவதால், வெளிச்சத்தின் கொண்டாட்டத்துக்கு இருட்டறையின் வாணிகமே முதலீடு என்பது விளங்குகிறது. படம் வளர வளர இருள் வாணிகத்தை விட்டு நீங்கி, ஒரு குடும்பத்தின் துயரத்துக்குரிய கம்பீரமாக மாறுகிறது. அக்குடும்பத்தின் அன்றாட வருமானம் சூதாட்டத்திலிருந்தும் தொழிற்சங்க ஆதிக்கத்திலிருந்தும் வருகிறது என்று வசனம் சொல்கிறது. அந்த வருமானத்தைத் தன் கையிலிருந்து கொடுத்து ஏழையாகும் மனிதரை முதல் படத்தில் காண்பது அரிது. படத்தின் பேரழகு அதன் வெற்றி என்பதில் ஐயமில்லை; ஆனால் அந்த அழகே கொலைகாரர்களுக்கு ஒரு தொன்மையான மாண்பைச் சூட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லாத பாராட்டு அரைகுறையானது.

இப்பாதிப்பு தமிழுக்கும் வந்தது. மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) படத்துக்காக ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். மேலிருந்து விழும் அவருடைய ஒளி தமிழ்த் திரையின் பார்வையையே மாற்றியது. அப்படத்தின் முற்பகுதியில் கடத்தல் சரக்கை உப்பு மூட்டைகளோடு கட்டிக் கடலில் அமிழ்த்தி, உப்புக் கரைந்ததும் சரக்கு மேலே மிதக்கும்படி செய்யும் உத்தி வருகிறது. தொழில் எப்படி நடக்கிறது என்று காட்டிய அந்தக் கூர்மை, நாயகன் முதுமையடைந்து அரையிருள் படிந்த கூடத்தில் அமரும்போது மங்கிப்போகிறது. பேரன் கேட்கும் புகழ்பெற்ற கேள்வி அவர் நல்லவரா கெட்டவரா என்பது பற்றியது. எந்தப் பணத்தில் அந்தக் கூடம் எழுந்தது என்ற கேள்வியை அதற்குள் படம் மறந்துவிடுகிறது.

மெல்விலின் ‘ல சாமுராய்’ (1967) போன்ற பிரெஞ்சுப் படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தொப்பியும் மழைக்கோட்டும் அணிந்து சாம்பல்நிற அறையில் துறவிபோல் வாழும் அந்தக் கூலிக்கொலைஞன், மெல்விலே இயற்றிச் சாமுராய் நூலொன்றின் பெயரில் தந்த முகப்பு வாசகத்தைப் போலவே முற்றிலும் கற்பனைப் பிறவி. அவன் வசீகரமானவன், எந்த நகரத்தின் குற்ற உலகையும் அவனால் விளக்க முடியாது.

இருளின்றி ஐயமும் மர்மமும் இல்லை என்போருக்கு ஃபிரான்செஸ்கோ ரோசியின் ‘சல்வத்தோரே ஜூலியானோ’ (1962) போதிய மறுமொழி. சிசிலியின் கொள்ளைக்காரன் ஜூலியானோ 1950 ஜூலை 5 அன்று காஸ்டெல்வெத்ரானோ ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் இறந்துகிடந்ததைக் கொண்டே படம் தொடங்குகிறது. கொளுத்தும் வெயிலில் உடல் குப்புறக் கிடக்க, அதிகாரி ஒருவர் அதன் நிலையை வரிக்கு வரி குறித்துக்கொள்ளச் செய்கிறார். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே எழுதப்படும் அறிக்கை உண்மையன்று. உயிரோடிருக்கும் ஜூலியானோவின் முகத்தைப் படம் கிட்டத்தட்டக் காட்டுவதே இல்லை. மாறாக, 1947 மே 1 அன்று போர்ட்டெல்லா டெல்லா ஜினெஸ்த்ராவில் தொழிலாளர் நாள் கொண்டாட வந்த உழவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த வெட்டவெளியையும், பின்னர் நடந்த வழக்கையும், காவலர், மாஃபியா, நிலக்கிழார் ஆகியோர் ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொண்ட வலையையும் அது முன்வைக்கிறது. நண்பகல் வெயிலில் எடுக்கப்பட்ட இப்படத்தில் உள்ள ஐயத்துக்கு முன், நுவாரின் மூடுபனி ஓர் அலங்காரமாகவே தோன்றும்.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) படத்திலும் இரவும் சிவப்பு விளக்குகளும் உண்டு. அதில் ஓர் உணவகத்தின் உரிமையாளர், தன்னிடம் கடன் வைத்து மிரட்டும் ரவுடியிடமிருந்து காத்துக்கொள்ள, கூட்டத்தலைவன் பாலியிடமே சென்று தொழிலில் பங்குதாரராகும்படி கெஞ்சுகிறார். பங்கு கைமாறியதும், உணவகத்தின் பெயரில் கடனுக்குச் சரக்கு வாங்கப்பட்டு முன்வாசலில் இறக்கப்படுகிறது. அதே சரக்கு பின்வாசல் வழியாகப் பாதி விலைக்கு விற்கப்படுகிறது. வாரந்தோறும் பாலிக்குச் சேரவேண்டியது மட்டும் தவறாமல் சேர்ந்தாகவேண்டும். வாங்குவதற்குக் கடன் கிடைக்காமல் போகும் நாளில் கட்டடத்துக்குத் தீ வைக்கப்படுகிறது. இவ்வளவையும் வெளிச்சத்தில், கதைசொல்லியின் குரலில், படிப்படியாகச் சொன்ன பிறகே, இருவர் இரவில் காருக்குள் அமர்ந்து புகை எழுவதற்காகக் காத்திருக்கும் காட்சி வருகிறது. அந்த இருட்டில் எரியப்போவது என்ன, அது யாருடையது, ஏன் எரிகிறது என்பதைப் பார்வையாளர் அதற்குள் முழுவதும் அறிந்திருக்கிறார்.